எழுதும் வேளையும் பிஷ்ரின் ஏடும்

அரபு இலக்கியத் திறனாய்வின் பழைய ஏடுகளுள் ஒன்று, எழுதுவது எப்படி என்று கற்பிக்கப் புகுமுன், எழுதுவது எப்பொழுது என்பதைக் கூறித் தொடங்குகிறது. பிஷ்ரு இப்னுல் முஃதமிர் என்னும் பக்தாது அறிஞர் எழுதிய ஏடு அது. ஹிஜ்ரி 210-ஐ, அதாவது கி.பி. 825-ஐ ஒட்டி மறைந்தவர் அவர். முஃதஸிலாக்களின் பக்தாதுப் பிரிவுக்குத் தலைவராயிருந்தவர். அவருடைய கொள்கை வழக்குகள் வேறு. அவற்றுள் நாம் இங்குப் புகவேண்டியதில்லை. ஏடு தனி நூலாக நம் கைக்கு வரவில்லை. பஸ்ராவின் ஜாஹிழ் தமது 'அல்பயான் வத்தப்யீன்' என்னும் பெருநூலில் அதை எடுத்து வைத்ததால் பிழைத்தது. பலாகத் கலையைத் 'தல்கீஸு'ம் 'முக்தஸரு'மாக ஓதி முடித்த நம் மௌலவிகளுள் பலர் இவ்வேட்டின் பக்கம் போயிருக்க மாட்டார்கள். பாடத்தில் வைக்கப்பட்டவை அந்நூல்களே. போய்ப் பார்க்கத் தக்கது என்பதே நம் கருத்து.

ஏடு வெளிப்பட்ட கதை சுவையானது. இப்ராஹீம் இப்னு ஜபலா என்னும் ஆசிரியர் இளைஞர் சிலருக்குச் சொல்வன்மை கற்பித்துக் கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற பிஷ்ரு சற்று நின்றார். வேடிக்கை பார்க்க நின்றாரோ, தாமும் பயன்பெற நின்றாரோ என்று இப்ராஹீம் எண்ணிக்கொண்டிருக்க, பிஷ்ரோ அவ்விளைஞரை நோக்கி, இவர் சொன்னதையெல்லாம் விட்டுவிடுங்கள் என்று கூறி, தாம் எழுதிச் செப்பம் செய்து வைத்திருந்த ஏட்டை எடுத்துக் கொடுத்தார். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்க்கு இக்கதை கேட்கச் சற்றுக் கசக்கத்தான் செய்யும்.

ஏட்டின் முதற் கட்டளை இது: உள்ளம் கிளர்ச்சியோடும் கவலையற்றும் இருக்கும் வேளையைப் பார்த்து எடுத்துக்கொள். அத்தகைய ஒரு சிறு பொழுது தருவதை, வருத்தியும் வலிந்தும் உழைக்கும் நெடும் பகல் தராது. சொல் தானே வந்து தனக்குரிய இடத்தில் அமர வேண்டும். அமராத சொல்லை இழுத்து வந்து உட்கார வைக்காதே. அப்படியும் முதல் முயற்சியில் கைகூடவில்லை என்றால் பதற வேண்டா, சலிக்கவும் வேண்டா. அன்றைப் பகலோ இரவோ அதை விட்டுவை. உள்ளம் தெளிந்த வேளையில் மீண்டும் அணுகு. இயற்கை உனக்கு இருக்குமானால் அப்போது மறுக்காது. இது இரண்டாம் நிலை. மூன்றாம் நிலை கடுமையானது. வேறு கவலையும் இல்லை, போதிய ஓய்வும் கொடுத்தாயிற்று, அப்படியும் வரவில்லை என்றால், இக்கலையை விட்டு, உன் மனம் எதை நாடுகிறதோ, எது உனக்கு எளிதாக வருகிறதோ அந்தத் தொழிலுக்குப் போய்விடு என்கிறார் பிஷ்ரு.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்த அறிவுரையை இன்று எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நம்மவருள் எழுதும் ஆற்றல் உடையோர் பலர். அவர்களைக் காணும்போதெல்லாம் கேட்கும் சொல் ஒன்றே: நேரம் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் மனம் ஓடவில்லை. ஊர்தோறும் ஒரு மௌலவியிடம் பாதியில் நின்ற தப்ஸீர்க் குறிப்பு ஒன்று இருக்கும். ஒரு தமிழாசிரியரிடம் முடிவுறாத காவியம் இருக்கும். ஓர் அம்மையாரின் பெட்டிக்குள் பள்ளிக்கூட நோட்டில் எழுதிய கதைகள் இருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை அவரவர் மையித்தோடு போய்விடுகின்றன என்பதைச் சொல்ல வருத்தமாயிருக்கிறது. ஆகவே பிஷ்ரின் ஏட்டை அழகிய பழம்பொருளாக வியந்து நிற்பதோடு அமையாமல், உழைத்து உண்ணும் மனிதனுக்கு அது எவ்வளவு தூரம் பயன்படும் என்று உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அதன் உண்மையை ஒப்புக்கொள்வோம். கவிதை வரும் வேளையும் வராத வேளையும் உண்டு என்பதை அரபுத் திறனாய்வாளர் எவரும் மறுத்ததில்லை. உமையாக் காலத்துப் பெருங்கவிஞர் ஃபரஸ்தக், சில வேளைகளில் ஓர் அடி பாடுவதைவிடப் பல்லொன்றைப் பிடுங்கிக்கொள்வது தமக்கு எளிதாயிருக்கும் என்று சொன்னதாகக் குறித்திருக்கிறார்கள். பாட்டு வராத நாளில் அவர் தனியே ஒட்டகத்தில் ஏறிப் பள்ளத்தாக்குகளில் சுற்றுவாராம். ஹிஜ்ரி 276-இல் மறைந்த இப்னு குதைபா இன்னும் ஒரு படி மேலே சென்று, பாட்டு இசைந்து வரும் வேளைகளை எண்ணிக் காட்டுகிறார். இரவின் தொடக்கம், உறக்கம் கண்ணைத் தழுவுமுன், பகலின் தொடக்கம், உணவு கொள்ளுமுன், மருந்து குடித்த நாள், சிறைத் தனிமை, வழிப்பயணத் தனிமை.

மருந்து குடித்த நாளா என்று இளைஞர் சிரிக்கக்கூடும். நம் பாட்டனார் காலத்து வீடுகளை அறிந்தோர் சிரிக்க மாட்டார்கள். பேதிக்குக் குடித்த நாளில் வீட்டுத் தலைவர் கடைக்குப் போவதில்லை, பஞ்சாயத்துக்குப் போவதில்லை, வந்தவர்களையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரசமும் சோறுமாக ஒரு நாள் முழுவதும் அவர் தமக்கே உரியவராக இருப்பார். எழுதுகிறவனுக்கு வேண்டியதும் அதுதானே? மருந்து வயிற்றுக்கு, ஓய்வு எழுத்துக்கு. இப்னு குதைபா கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை.

சிறைத் தனிமைக்கு நாம் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டா. நாம் வாழும் திருத்தணி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தமிழும் தெலுங்கும் தக்னி உருதுவும் ஒரே கடை வாசலில் கேட்கும். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் இவ்வூர் சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு வந்து சேர்ந்தது. அதற்காகப் போராடியவர்களுள் முதன்மையானவர் ம.பொ. சிவஞானம். மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை நிறுத்தி, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர் அவர். 1942 போராட்டத்தில் சிறைப்பட்டு அமராவதிச் சிறையில் இருந்தபோதுதான் சிலப்பதிகாரத்தில் ஆழ்ந்தார். பின்னாளில் சிலம்புச்செல்வர் என்று நாடு அவரை அழைத்ததற்கு வித்து அங்கே ஊன்றப்பட்டது. வெளியே இருந்திருந்தால் கூட்டமும் ஊர்வலமும் அவருக்கு அந்தப் பொழுதைத் தந்திருக்குமா என்பது கேட்கத்தக்க கேள்வியே. ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்களோ கிணற்றுச் சிறைக்குள் இருந்தபடியே, மேலே அமர்ந்திருந்த மாணவர் எழுதிக்கொள்ளத் தம் 'மப்ஸூத்'தின் பெரும்பகுதியைச் சொல்லிவந்தார்கள் என்பது ஓதியவர் அறிந்த வரலாறு. அச்சில் அது முப்பது பாகம்.

பெரும் படைப்புகளைப் போற்றும்போது படைத்தவனின் ஆற்றலைப் பேசுகிறோம். அவனுக்குப் பொழுது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. நம் திறனாய்வின் குறை இது. இப்னு கல்தூன் 'முகத்திமா'வை ஐந்தே மாதத்தில், 1377-ஆம் ஆண்டில் எழுதி முடித்தார் என்று வியந்து சொல்கிறோம். அதற்கு முன் ஏறத்தாழ இருபதாண்டு அரசவைகளிலும் தூதுகளிலும் அலைந்தவர் அவர். பின்பு இப்னு ஸலாமாக் கோட்டையில் ஒரு கூட்டத்தாரின் பாதுகாப்பில் நான்காண்டளவு ஒதுங்கி இருந்தார். அங்கேதான் நூல் பிறந்தது. அதன் பிறகும் தூனிஸிலும் காஹிராவிலும் திருத்திக்கொண்டே இருந்தார். ஐந்து மாதம் என்னும் எண் மட்டும் நம் நினைவில் நிற்கிறது. கோட்டையும் காவலும் மறந்துபோகின்றன.

உமறுப் புலவரை எடுத்துக்கொள்வோம். சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆனது. முதலில் வள்ளல் சீதக்காதியும், அவர் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரும் ஆதரித்ததால் அக்காவியம் நடந்தது. வள்ளல்கள் பொன் கொடுத்தார்கள் என்று பாடம் நடத்துகிறோம். அந்தப் பொன் புலவருக்கு எதை வாங்கிக் கொடுத்தது? நாளை அரிசிக்கு என்ன செய்வது என்று எண்ணாத காலை வேளைகளை வாங்கிக் கொடுத்தது. அவ்வளவு ஆதரவிருந்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு முழுவதையும் பாடி முடிக்க இயலவில்லை. எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கேதான் பிஷ்ரிடம் நமக்கு முதல் வேறுபாடு தோன்றுகிறது. 'வேளையைப் பார்த்து எடுத்துக்கொள்' என்கிறார் அவர். எடுத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு இருக்கிறது? பகலையும் இரவையும் தன் கைப்பொருளாக வைத்திருப்பவனுக்கு இருக்கிறது. மருந்துக் கடையில் நிற்பவனுக்கும், அரக்கோணம் வழியே மின்சார ரயிலில் சென்னைக்குப் போய் இருட்டிய பின் திரும்புபவனுக்கும், தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் உள்ளம் கிளர்ந்த வேளை வராமல் இல்லை. வரும்போது கை ஒழியாமல் இருக்கிறது. ஓதிக் கொடுக்கும் ஆசிரியனின் நிலையும் அதுவே. இப்னு கல்தூன், கவி புனைவதற்கு விழித்தெழுந்த விடியற்போதும், வயிறு வெறுமையாயிருப்பதும், சிந்தை கூடியிருப்பதும் ஏற்றவை என்கிறார். விடியற்போதில் நம் சமுதாயத்துக்கு பரக்கத் வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் துஆ செய்ததும் ஹதீஸில் வந்திருக்கிறது. அந்த விடியற்போது நமக்கு எங்கே போகிறது? சுபுஹு முடிந்ததும் பிள்ளைகள் ஜுஸ்உகளை நெஞ்சோடணைத்துக்கொண்டு வந்து வரிசையாய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அலிஃபும் பேயும் தொடங்கிவிட்டால் ஏழரை மணி. அது குறையன்று, அப்பிள்ளைகளின் உரிமை. ஆனால் நாளின் மிகத் தெளிந்த பொழுது அதில் செலவாகிறது என்பதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

அன்றியும் பிறர் பணித்து எழுதும் எழுத்து ஒன்று இருக்கிறது. நிகாஹ் வாழ்த்து மடல், விழா மலருக்குக் கட்டுரை, மறைந்தவர்க்கு இரங்கற்பா, ஜுமுஆ பயானுக்குக் குறிப்பு. முன்பு ஆள் வந்து கேட்பார்கள். இப்போது கைப்பேசியில் வாட்ஸ்அப் வழியே கேட்கிறார்கள். இவற்றுக்கு நேரமில்லை என்று நாம் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. நாள் குறித்துவிட்டார்கள், அச்சுக்குப் போக வேண்டும். மனம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இஷாவுக்குப் பின் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மனம் ஓடவில்லை என்ற சொல் நமது சொந்த எழுத்துக்கு மட்டுமே வருகிறது. ஏன்? சொந்த எழுத்துக்காக எவரும் காத்திருக்கவில்லை. காத்திருப்பவர் இல்லாத வேலை எப்போதும் நாளைக்குத் தள்ளப்படும்.

திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்த தோப்பில் முஹம்மது மீரானின் (1944–2019) வரலாறு இதற்கு நல்ல விளக்கம். தேங்காய்ப்பட்டணத்துக்காரர், மலையாளத்தில் படித்தவர், தமிழை மலையாள எழுத்தில் எழுதிப் பிறர் துணையால் தமிழெழுத்துக்கு மாற்றியவர். அவருடைய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் நூலாவதற்கு முன் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. தொடர் என்றால் ஒரு நாள் குறிக்கப்பட்டது என்று பொருள். இதழ் வெளிவரும் நாள் வணிகனுக்காகவும் நிற்காது, மிளகாய் விலைக்காகவும் நிற்காது. பின்பு 'சாய்வு நாற்காலி'க்கு 1997-இல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தது. பரிசைக் கொண்டாடிய நாம், இதழ்கள் எழுத்தாளனுக்கு விதித்த நாளையும் சேர்த்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நம் சமுதாயத்து மாத இதழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனபோது எத்தனை பேருக்கு நாள் குறிப்பார் இல்லாமற் போயிற்று என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

தமிழிலும் இவ்விரு வழியையும் நம் முன்னோர் பிரித்து அறிந்திருக்கிறார்கள். கேட்ட மாத்திரத்தில் பாடுபவன் ஆசுகவி. விரித்துப் பாடுபவன் வித்தாரகவி. அரபியர் முன்னதை பதீஹா என்றும், ஆய்ந்தமைந்து செய்வதை ரவிய்யா என்றும் வழங்கினர். ஜாஹிலிய்யக் காலத்து ஸுஹைர் ஒரு பாட்டை ஓராண்டு வரை வைத்துத் திருத்தியதால் அவருடைய பாட்டுகள் 'ஆண்டுப் பாட்டுகள்' என்றே பெயர் பெற்றன. நம் கோட்டாற்றுச் செய்குத் தம்பிப் பாவலர் (1874–1950) 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே அவையில் நூறு செய்திகளில் கருத்தைச் செலுத்திய அந்த ஆற்றலைப் பற்றிப் பேசாத தமிழ் முஸ்லிம் மேடை இல்லை. அதே பாவலர் சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தார். ஒரு நாள் அவையில் முடியும் வேலையா அது? பாட்டுக்குப் பாட்டு, சொல்லுக்குச் சொல், நாள்தோறும் உட்கார்ந்தாலன்றி முடியாது. நம் மேடைகள் அந்த ஒரு நாளை மட்டும் பாடிக்கொண்டிருக்கின்றன.

திருத்தணி மலையைப் பற்றியும் இவ்விருவகைச் செய்தி வழங்குகிறது. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) இங்கே வந்திருந்தபோது முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயில் கற்கண்டை இட, அக்கணமே முதற் கீர்த்தனம் பிறந்தது என்பது இசையறிந்தோர் சொல்லும் மரபு. மற்றொன்று, மலைக்கு ஏறும் படிகள் 365, ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்பது. டிசம்பர் 31 இரவில் படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த வழக்கம் அது. சமய நம்பிக்கை அவரவர்க்கு. எழுத்தின் இயல்பை அறிய விரும்பும் நாம் இவ்விரு செய்தியிலும் ஒன்றைக் காண்கிறோம். தீட்சிதர் தந்தையாரிடம் இசை கற்று, காசியில் பல ஆண்டு இருந்து, வடநாட்டு இசையும் பழகிய பின்னரே இம்மலைக்கு வந்தார். கற்கண்டு விழுந்த நாக்கு பல்லாண்டு பழகிய நாக்கு.

படியேறுவது போன்ற எழுத்துக்கு இவ்வூரின் பெயரையே தம் பட்டத்தில் கொண்ட ஒருவர் இருக்கிறார்: தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளை. 1883-இல் கடலூரை அடுத்த மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். தந்தையார் வ.த. சுப்பிரமணிய பிள்ளை நீதித்துறையில் முன்சீப்பாக இருந்தவர். ஊர் ஊராக ஏடு தேடித் திருப்புகழை அச்சேற்றியவர். மகனோ பத்திரப் பதிவுத் துறையில் பணி புரிந்தவர். பத்திரப் பதிவு அலுவலகத்தை அறிந்தவர்க்குத் தெரியும், அங்கே கவிதை சுரக்கக் காரணம் எதுவும் இல்லை. விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், நான்கெல்லை, சாட்சி, கைரேகை. ஆனால் அங்கே ஒன்று பழகும். எந்தப் பதிவு எந்தத் தொகுதியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் ஒழுங்கு அது. தணிகைமணியின் 'தேவார ஒளிநெறி'யைப் புரட்டிப் பார்த்தால் அந்த ஒழுங்கே தமிழாய்வாக மலர்ந்திருப்பதைக் காணலாம். எந்தச் செய்தி எந்தப் பாட்டில் எந்த அடியில் வருகிறது என்று அகர வரிசையில், தலைப்புத் தலைப்பாக, பாடல் எண்ணோடு பிரித்து அடுக்கியிருக்கிறார். திருவாசகத்துக்கும் திருக்கோவையாருக்கும் அவ்வாறே செய்தார். கிடைத்த திருப்புகழ்கள் ஏறத்தாழ 1,300-க்கும் உரை கண்டார். கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத காலம். துண்டுத் தாளும் எழுதுகோலும்தான்.

அந்நூல்களை வாசிக்கும்போது நமக்குத் தோன்றியதைச் சொல்கிறோம். பிஷ்ரு பேசுகிற கிளர்ச்சி வேளை இவ்வேலைக்கு ஒவ்வொரு நாளும் தேவைப்பட்டிருக்காது. தொடங்கும்போது ஒருமுறை, இது செய்யத்தக்கது என்று உள்ளம் எழுந்திருக்க வேண்டும். தலைப்புகளைப் பிரிக்கும்போது மீண்டும் எழுந்திருக்க வேண்டும். மற்றவை களைத்த கைக்கும் நடக்கும். பிஷ்ரு எழுத்து முழுவதையும் ஒரே பொருளாகக் கருதினார்; இது நம் இரண்டாம் வேறுபாடு. எழுத்துக்குள்ளேயே தெளிந்த மனத்துக்கு உரிய வேலையும் சோர்ந்த மனத்துக்கு உரிய வேலையும் தனித்தனியே இருக்கின்றன. முதல் அடியைக் காண்பது முன்னது. படி எடுப்பது, மேற்கோளைச் சரிபார்ப்பது, எண்ணிடுவது, எழுத்துப்பிழை களைவது பின்னவை. கிடைத்த ஒரே தெளிந்த அரைமணியைப் படி எடுப்பதில் கழித்துவிட்டு, களைத்த இரவில் புதிய அடிக்காக உட்கார்ந்திருந்து, மனம் ஓடவில்லை என்று எழுந்துபோகும் அன்பர்கள் பலரை நாம் அறிவோம்.

நாமும் சில ஆண்டுகளாகச் சீறாப்புராணத்தில் வரும் அரபு, பாரசீகச் சொற்களுக்கு ஓர் அடைவு செய்து வருகிறோம். தீன், கலிமா போன்றவை எல்லார்க்கும் விளங்கும். புறுக்கான் போலத் தமிழ் உருவில் வேடம் மாறி நிற்பவற்றை அரபறியாத தமிழாசிரியரும் தமிழறியாத மௌலவியும் தடுமாறியே கடந்து போகிறார்கள். இரண்டும் ஓதியவர்கள் குறைந்து வருகிறார்கள் என்பதால்தான் இவ்வேலையில் இறங்கினோம். பொழுது கேட்டால், பஜ்ருக்கு முந்தைய ஸஹர் வேளை ஒன்றுதான் எவரும் உரிமை கொண்டாடாதது. கவிஞர் அபூ தம்மாம் தம்மிடம் கற்ற புஹ்துரிக்கும் அந்த வேளையைத்தான் பரிந்துரைத்தார். உடல் ஓய்ந்து எழுந்திருக்கும், கவலை இன்னும் எழுந்திருக்காது என்பது அவர் காரணம். ஆடிக் கிருத்திகைக் காலத்தில் காவடிக் கூட்டமும் ஒலிபெருக்கியும் அந்த வேளையையும் எடுத்துக்கொள்ளும். அந்நாள்களில் சொல்லாய்வை மூடிவைத்து எண்ணிடும் வேலையைப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஒரு சொல், சில நாள் அதுவும் இல்லை. குறைவாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்ற கருத்துடைய ஹதீஸை நம் பிள்ளைகளுக்கு நாமே பாடம் சொல்கிறோம் அல்லவா? இப்போது தகர வரிசையில் நிற்கிறோம்.

பிஷ்ரின் மூன்றாம் நிலைக்கு வருவோம். மும்முறை முயன்றும் வராவிட்டால் தொழிலை மாற்று என்னும் அத்தீர்ப்பில் ஓர் அறம் இருப்பதை மறுக்கவில்லை. இயற்கை இல்லாதவன் யாப்பைப் பிடித்துக்கொண்டு வாசகரை வருத்துவதற்கு நாம் எல்லாரும் சான்று. ஆனால் அத்தீர்ப்புக்கு அவரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்: வேறு கவலையோ அலுவலோ குறுக்கிடாதிருந்தும் வரவில்லையானால் என்பது அது. நிபந்தனையை மறந்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. எழுதாதவன் ஆற்றலில்லாதவன் என்று முடித்துவிடுகிறோம்.

இதில் மிகுதியும் தவறிழைக்கப்பட்டவர்கள் நம் பெண்மக்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களை (1917–1998) நினைத்துப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்லவில்லை. இளம் வயதிலேயே மணமாகி இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு அவருடையது. அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் புதினம் 1938-இல் வெளிவந்தது. மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். வாழ்நாளெல்லாம் சுவடி ஆய்ந்த அப்பெருமகனார் ஒரு முஸ்லிம் பெண்மணியின் முதல் கதையைப் படித்துப் பார்த்து எழுதியது சிறிய செய்தியன்று. அதன் பின்னும் 'சண்பகவல்லி தேவி', 'இஸ்லாமும் பெண்களும்' முதலிய நூல்கள் வந்தன. ஓர் ஊரில், ஒரு குடும்பத்தில், ஒரு பெண்ணுக்கு எப்படியோ பொழுது வாய்த்தது. அதே நாகூரிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதே ஆற்றலோடு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தாலாட்டும் ஞானப்பாட்டும் நெஞ்சில் நிறைய வைத்திருந்த பெண்கள் அவ்வூர்களில் குறைவா? தமிழ் முஸ்லிம் இலக்கிய வரலாறு எழுதும் நண்பர்கள் பெண்பாற் புலவர் பகுதியை இரண்டு பக்கத்தில் முடிக்கும்போது, எழுதியவர் குறைவு என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். எழுத விட்டவர்கள் குறைவு என்று எழுதினால் வரலாறு சரியாயிருக்கும்.

பிஷ்ரு குறிப்பிடும் கவலையற்ற நிலைக்கு அரபுச் சொல் ஃபராக். ஆரோக்கியமும் ஃபராகுமாகிய இரு அருட்கொடைகளில் மக்கள் பலர் ஏமாந்து நிற்கிறார்கள் என்னும் கருத்துடைய நபிமொழியில் வருவதும் இதே சொல். பொழுது என்பது தானாகக் கிடப்பதன்று, ஒருவர்க்கு மற்றவர் ஆக்கிக் கொடுப்பதும் உண்டு என்பதை நம் குடும்பங்கள் உணர்ந்தால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மருமகளுக்கு அரைமணி அடுக்களை ஓய்வு கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள் தகப்பனாரிடம் கடைச் சாவியை வாங்கிக்கொள்ள மகன் முன்வருவான். எழுதுகிறார், கூப்பிடாதே என்று வாசலில் சொல்லி அனுப்ப ஒருவர் இருக்கும் வீட்டில், பேதி மருந்து குடிக்காமலே பாட்டு வரும்.

இவ்வேட்டை முழுமையாகத் தமிழாக்கிக் குறிப்புரையோடு தரவேண்டும் என்ற விருப்பமும் நமக்கு இருக்கிறது; சொல்லடைவு முடியட்டும் என்று வைத்திருக்கிறோம். கதையின் இறுதிப் பகுதியை இங்குச் சொல்லிவிடுவோம். ஏடு இளைஞர்களிடம் கொடுக்கப்பட்டபின், அது அந்த ஆசிரியர் இப்ராஹீமுக்கும் படித்துக் காட்டப்பட்டது. தம் மாணவர் முன்னிலையில் தம்மை மறுத்து எழுதிய ஏட்டை அவர் பொறுமையோடு கேட்டார். கேட்டு முடித்ததும் பிஷ்ரை நோக்கி, இவ்விளைஞர்களைவிட இது எனக்கே மிகுதியும் தேவைப்படுகிறது என்றாராம்.